அடி இல்லாத ஏரியும் இன்ச் பாயும்

மயிலாப்பூரில் இன்ச் பாய் அளக்காத பொருள் எதுவும் இருந்ததில்லை.

குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் அவருடைய தையல் கடை. அதன் மாடி அறையில் நானும் சம்பத்தும் குடியிருந்தோம். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. இருவரும் கல்யாணமாகாத குமாஸ்தாக்கள். கழுத்தில் டேப் இல்லாமல் பாயை நாங்கள் பார்த்ததே இல்லை. மழைக்காலத்தில் ஆட்டோக்காரர்கள் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் சந்துக்குள் வண்டியை விடுவார்கள். "ஒம்பதரை இன்ச்சு தண்ணி கீது, சுத்திக்கினு போ நைனா" என்பார். நான் பெண் பார்த்துவிட்டு வந்த அன்று பெண் எப்படி என்று எல்லோரும் கேட்டார்கள். பாய் மட்டும் எத்தனை அடி என்று கேட்டார். தெரியாது என்றேன். அப்புறம் எதைத்தான் பார்த்துவிட்டு வந்தாய் என்று கடிந்துகொண்டார்.

ஒரு ஏப்ரலில் அவருக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. பத்து நாள் மெஷினைத் தொடக்கூடாது என்றார் டாக்டர். மெஷின் இருக்கும் ஊரில் பாய் அதைத் தொடாமல் இருக்கமாட்டார் என்பது அவர் மனைவிக்குத் தெரியும். நாங்கள் நீலகிரிக்கு மீன் பிடிக்கப் போவதைக் கேள்விப்பட்டு, அவரையும் எங்கள் மூட்டைகளோடு ஒரு மூட்டையாக ரயிலேற்றிவிட்டார்.

சம்பத்தின் மாமாவுக்கு எஸ்டேட்டில் வேலை. மலைமேல் ஏரிக்கரையில் ஒரு வீட்டுச் சாவியைக் கொடுத்திருந்தார். ஞாயிறுதோறும் அடையாற்றங்கரையில் தூண்டிலோடு உட்கார்ந்து வெறுங்கையோடு திரும்பும் சம்பத்துக்கு அது ஆறு மாதக் கனவு. முதல் நாளே ஒரு மீன் மாட்டியது. மயிலாப்பூரில் போய் ஒன்றரை அடி மீன் என்று சொல்லப்போவதாகக் குதித்தான். பாய் டேப்பை எடுத்தார்.

"வாலோட சேத்து பதினாலே கால். அதுக்கு மேல அரை இன்ச்சு சொன்னாலும் நான் ஒத்துக்கமாட்டேன்" என்றார்.

சம்பத் அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை. மீனைச் சாப்பிடும்போதுகூட.

மறுநாள் படகில் போனோம். படகோட்டி ரங்கன், ஐம்பது வயதுக்காரர். நடு ஏரி வந்ததும் துடுப்பை நிறுத்தி, வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வதை எங்களுக்கும் சொன்னார்.

"இந்த ஏரிக்கு அடியே கிடையாதுங்க."

பாய் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அடி இல்லைன்னா இன்ச்சாவது இருக்கும்ல?"

ரங்கன் சிரிக்கவில்லை. வெள்ளைக்காரன் காலத்திலேயே கயிறு விட்டுப் பார்த்துத் தோற்றுப் போனார்கள் என்றார். பாய்க்கு அதன்பின் சோறு இறங்கவில்லை. அளவில்லாத ஒரு பொருளை வைத்துக்கொண்டு மனிதர்கள் எப்படி நிம்மதியாகக் குடியிருக்கிறார்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

அடுத்த நாள் காலை எழுந்து வந்தால், சம்பத்தின் தூண்டில் நரம்பு மொத்தமும் வராந்தாவில் நீண்டு கிடந்தது. பாய் அதில் கெஜத்துக்கு ஒரு சிவப்பு நூலும் பத்து கெஜத்துக்கு ஒரு நீல நூலும் முடிந்துகொண்டிருந்தார். தோள் வலி போன இடம் தெரியவில்லை. மீன் பிடிக்க வந்த இடத்தில் நரம்பைப் பறிகொடுத்த சம்பத், நான் வரமாட்டேன் என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டான்.

நானும் பாயும் ரங்கனோடு போனோம். எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ரங்கன் துடுப்பைப் பிடித்திருந்தார். பாய் தன் பெரிய கத்திரிக்கோலை நரம்பின் நுனியில் கட்டினார். அவர் மனைவிக்குக்கூடத் தொட அனுமதியில்லாத கத்திரிக்கோல் அது. மெல்ல இறக்கினார். சிவப்பு போனது, நீலம் போனது, மறுபடி சிவப்பு. பாயின் உதடுகள் எண்ணிக்கொண்டிருந்தன. ரங்கன் திரும்பவே இல்லை.

திடீரென்று நரம்பு தொய்ந்தது. பாய் தூக்கினார், விட்டார், மறுபடி தொய்ந்தது. என்னைப் பார்த்தார். பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பையனின் முகம் அது. இழுத்து முடித்தபோது கத்திரிக்கோலின் முனையில் கறுப்பாகச் சேறு.

"எட்டிருச்சுங்களா?" என்றார் ரங்கன், திரும்பாமலே. அதுவரை நாங்கள் கேட்காத சின்னக் குரல்.

பாய் கொஞ்ச நேரம் அந்த முதுகையே பார்த்தார். பிறகு கத்திரிக்கோலைத் தண்ணீரில் அலசினார்.

"இல்ல ரங்கா. நரம்பு தீந்து போச்சு. அடியே இல்ல."

கரையில் கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்று படகுக்குக் காத்திருந்தது. மெட்ராஸிலிருந்து ஒரு டெய்லரே வந்து அளந்து தோற்றுவிட்டார் என்று ரங்கன் அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பாய் பக்கத்தில் நின்று, தோற்றவர் எப்படி நிற்பாரோ அப்படியே தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்.

பஸ் மலையிறங்கும்போது, மீனுக்கு அரை இன்ச்சு விட்டுக்கொடுக்காதவர் ஏரிக்கு எப்படி விட்டுக்கொடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"எனக்குத் தெரிஞ்சிடிச்சு, இனிமே தூக்கம் வரும். நம்ம ஊருக்குப் போயிடறோம். அவரு அங்கியே இருக்கணும் இல்ல நைனா" என்றார். பிறகு என் காதருகே குனிந்து ஓர் எண்ணைச் சொன்னார். அடி, இன்ச்சு, அதற்குமேல் ஒரு முக்கால்.

பாய் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. அந்த எண்ணை என் மனைவியிடம்கூட நான் சொன்னதில்லை. உங்களுக்கும் சொல்லப்போவதில்லை, அந்த ஏரிக்கு அடியே கிடையாது.