அலசி வாங்குபவரும் ஒரு கமோடும்

பொருள் வாங்குகிறவர்களில் பலவகை உண்டு. கண்டதும் வாங்குபவர்கள், பக்கத்து வீட்டில் கண்டு வாங்குபவர்கள், வாங்கிவிட்டு வீட்டுக்காரருக்குத் தெரியாமல் பரணில் ஒளித்து வைப்பவர்கள். இவர்களால் யாருக்கும் பெரிய கெடுதல் இல்லை. இங்கே நாம் பார்க்கப்போவது அலசி வாங்குபவரை. உங்களுக்கு இவரைத் தெரியும். குடை வாங்கப் போய், மழைக்காலம் முழுவதும் நனைந்த தலையோடு திரும்பி வருவாரே, அவரேதான்.

நம்மவர் வீட்டில் இருப்பது ஒரே ஒரு குளியலறை. அவருடைய அம்மாவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. தரையோடு தரையாகக் கிடந்த பழைய கமோட்டில் அந்த அம்மாவால் இனி உட்கார்ந்து எழ முடியாது. அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் உயரமாக ஒன்று வேண்டும். விஷயம் இவ்வளவுதான். வேறு யாராவதாக இருந்தால் கடைக்குப் போய், விலையைக் கேட்டு முகம் சுளித்து, அன்றைக்கே வாங்கி வந்திருப்பார்கள். நம்மவர் என்ன செய்தார்? முதல் வேலையாகப் பழையதைப் பெயர்த்தெடுக்கச் சொன்னார். பழையது கண்ணெதிரே இருந்தால் புதியதைப் பற்றித் தெளிவாகச் சிந்திக்க முடியாதாம். டைல்ஸ் வேலைக்கு இடைஞ்சல் என்று கதவையும் கழற்றிச் சுவரோரம் சாத்தினார்கள். கமோடு இருந்த இடத்தில் ஓர் ஓட்டை, ஓட்டைக்குள் ஒரு பழந்துணி. அதன்பிறகு நம்மவர் நிதானமாக ஆராய்ச்சியில் இறங்கினார்.

குடும்பம்? எதிர்வீட்டுக்குப் போய்வந்தது. அவருடைய மனைவி ஒவ்வொரு முறையும் கையில் ஒரு கிண்ணத்தோடு போவார், ஏதோ இரவல் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கப் போவதுபோல. முதல் வாரம் எதிர்வீட்டம்மாள் சிரித்த முகமாகக் கதவைத் திறந்தார். இரண்டாம் வாரம் கதவைத் திறந்தார். அதற்குப் பிறகு கிண்ணத்தைக் கண்டதுமே வழியை விட்டு ஒதுங்கி நின்றார். மனைவிக்கு மானம் போயிற்று. நம்மவருக்கு அது தெரியவில்லை. அவர் தண்ணீர் சுழன்று இறங்குவது நல்லதா, நேராக இறங்குவது நல்லதா என்பதில் மூழ்கியிருந்தார்.

இப்படிப்பட்டவர்கள் கடையில் நடந்துகொள்ளும் விதமே தனி. வரிசையாக வைத்திருக்கும் கமோடுகளில் ஒன்றையும் விடாமல், பேண்ட் சட்டையோடு உட்கார்ந்து பார்ப்பார்கள். உட்கார்ந்தபின் கண்ணை மூடிக்கொள்வார்கள். நம்மவர் ஒன்றில் அப்படி உட்கார்ந்திருந்தபோது, பின்னால் வந்த ஒரு தம்பதி மரியாதைக்காகத் திரும்பி நின்றுகொண்டார்கள். மூடி சத்தமில்லாமல் இறங்குகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்டார். நன்றாக இருக்கிறது என்று இணையத்தில் நூறு பேர் எழுதியிருந்ததை நம்பவில்லை. பிடிக்கவில்லை என்று யாரோ ஒருவர் எழுதியிருந்ததை நெஞ்சோடு வைத்துக்கொண்டார். உறவினர்களின் வாட்ஸப் குழுவில் கருத்துக் கேட்டார். சித்தப்பா ஒருவர் தன் வீட்டுக் கமோட்டைப் படமெடுத்து அனுப்பினார். அதை அவர் கழுவிவிட்டு எடுத்திருக்கலாம்.

ஒருநாள் அளவுநாடாவோடு ஆஸ்பத்திரிக்கே போய், படுத்திருந்த அம்மாவைக் குதிகால் முதல் முழங்கால் மடிப்பு வரை அளந்தார். நர்ஸ் ஒரு மாதிரியாகப் பார்த்தார். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. தன் காலுக்கு இவ்வளவு கவலைப்படும் பிள்ளை யாருக்கு வாய்க்கும் என்று பக்கத்துக் கட்டில்காரியிடம் சொல்லிக்கொண்டார்.

வீட்டில் நிலைமை வேறாக இருந்தது.

"நாளன்னைக்கு அத்தை வர்றாங்க. அவங்க கையிலயும் கிண்ணத்தைக் குடுத்து எதிர்வீட்டுக்கு அனுப்பவா?" என்றார் மனைவி.

"அவசரப்படாத. இதெல்லாம் ஒருதடவை வாங்குறது."

மனைவி கிண்ணத்தை எடுத்து அவர் மடியில் வைத்துவிட்டுப் போனார். அது வேலை செய்தது. நம்மவர் அன்றைக்கே ஒன்றை வாங்கினார். குறை சொல்ல முடியாத கமோடு: அம்மாவின் முழங்காலுக்குப் பொருத்தமான உயரம், சாய்ந்து உட்கார வாகான நீளம், பூப்போல இறங்கும் மூடி. அம்மா வருகிற அன்று காலையில் பிளம்பர் பொருத்திவிட்டுப் போனார். பிறகு கழற்றி வைத்த கதவை நம்மவரே மாட்டித் தள்ளிப் பார்த்தார்.

உள்பக்கமாகத் திறக்கும் கதவு அது. ஒரு சாண் திறந்து, புதுக் கமோட்டின் மூக்கில் இடித்து நின்றது. பூனை நுழையலாம், அம்மா நுழைய முடியாது. உலகத்துக் கமோடுகளையெல்லாம் அளந்தவர், பெற்றவளின் காலை அளந்தவர், தன் வீட்டுக் குளியலறையை அளக்கவில்லை.

வாசலில் கார் வந்து நின்றது. வழியெல்லாம் அடக்கிக்கொண்டு வந்த அம்மா, ஊன்றுகோலை ஊன்றி நேராக அங்கேதான் வந்தார். மனைவி கதவைத் திரும்பக் கழற்றிப் போட்டு, ஒரு போர்வையை எடுத்துக் கணவரிடம் நீட்டினார். நம்மவர் அதை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்து, தானே கதவாக நின்றார்.

"அம்மா, உயரம் சரியா இருக்கா?"

"உயரமெல்லாம் நல்லாத்தான் இருக்குடா. நீ அந்தப் பக்கம் திரும்பி நில்லு."

திரும்பி நின்றார். மனைவி அவரைப் பார்த்து, ஆசாரியைக் கூப்பிட்டுக் கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாட்டச் சொல்லட்டுமா என்று மெல்லக் கேட்டார்.

"அவசரப்படாத. மடக்குக் கதவு இருக்கு, தள்ளுற கதவு இருக்கு. எல்லாத்தையும் பாத்துட்டு முடிவு பண்ணுவோம்."

மனைவி உள்ளே போய்க் கிண்ணத்தைத் தேடினார். அழுகையா சிரிப்பா என்று அவருக்கே தெரியவில்லை. நம்மவர் இன்றும் வேளாவேளைக்குப் போர்வையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார். கதவுகளைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டுவிட்டார்.

சிரித்துவிட்டீர்களா? நல்லது. போன கோடையிலிருந்து நீங்கள் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களே ஒரு மின்விசிறி, அது என்ன ஆயிற்று? உங்கள் வீட்டில் யாருக்கோ வேர்க்கிறது.