அம்மோனியத்துக்கு மூக்கு

என் மானத்தை வாங்கத்தான் பிப்பெட் பஸ் ஏறி வந்திருக்கிறார் என்று நம்பினேன். வேர்த்து விறுவிறுத்து நம்பினேன்.

பிப்பெட், நான் படித்த கல்லூரியில் கெமிஸ்ட்ரி லேப் அட்டெண்டர். லேபில் திரவம் உறிஞ்சும் பிப்பெட் குழாய் மாதிரி கழுத்தும் காலும் குச்சி, நடுவில் மட்டும் தொப்பை. அதனால் அந்தப் பெயர். புதுக்கோட்டைச் சீமையிலேயே அவரைப் போல ஓட்டைவாய் கிடையாது. காலையில் பிரின்சிபால் வீட்டில் குழம்பு தீய்ந்தால், பத்து மணிக்குள் பாட்டனி டிபார்ட்மென்ட் துக்கம் விசாரிக்கும்.

அந்த வாய் வருஷத்தில் ஒரு நாள் மூடும். செய்முறைத் தேர்வன்று. வெளியூர் எக்ஸாமினர் கொடுத்த உப்பு என்னவென்று தெரியாமல் முழிக்கிறவன் எதிரே, பீக்கர் கழுவுகிற சாக்கில் வந்து நிற்பார். மூக்கைத் தொட்டால் அம்மோனியம். காதைச் சொறிந்தால் லெட். வயிற்றைத் தடவினால் கார்பனேட்.

"பெயிலானா மறுபடி வந்து என் டெஸ்ட் டியூப்பத்தானடா ஒடைப்பீங்க? பாஸாகித் தொலைங்க!" இதுதான் அவர் சொன்ன காரணம்.

எனக்கு மூக்கைத் தொட்டார். ஐம்பதுக்கு ஐம்பது. இன்று கீரமங்கலத்தில் உரக்கடை வைத்து மூட்டை மூட்டையாக அம்மோனியம் விற்கிறேன். அன்று ஒரு சிட்டிகை அடையாளம் தெரியவில்லை.

போன மாதம் கல்லூரியில் முன்னாள் மாணவர் விழா. எங்கள் கெமிஸ்ட்ரி செட்டில் ஆறு பேருக்கு 'சிறந்த மாணவர்' விருது. அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே 'செய்முறைத் தேர்வில் முழு மதிப்பெண்' என்று வேறு போட்டுவிட்டார்கள்.

செத்துப்போன நாலு பேருக்கு மௌன அஞ்சலியோடு விழா தொடங்கியது. மேடையில் தலையைக் குனிந்தவன் நிமிர்ந்து பார்க்கிறேன், முதல் வரிசையில் பிப்பெட். தொப்பை வற்றி, கழுத்தில் துண்டு சுற்றியிருந்தது. ஒரு பக்கம் அவர் மகள். இன்னொரு பக்கம் என் மனைவி! அந்த நாலு பேரோடு ஐந்தாவதாகச் சேர்ந்துவிடலாமா என்று இருந்தது.

மேடையை விட்டு இறங்கி மனைவியிடம் ஓடினேன்.

"இங்கிட்டு வந்து ஒக்காரு. ஃபேன் காத்து நல்லா வரும்."

"எனக்குக் குளுருதுங்க. ஒங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது?"

"அவரு எதுனா சொன்னாரா?"

"யாரு, இவரா? ஒண்ணுஞ் சொல்லல. போங்க, கூப்புடுறாங்க."

முதலில் ஒரு தாசில்தார். பொன்னாடை விழுந்ததும் பிப்பெட் காதைச் சொறிந்தார். தாசில்தார் முகம் வெளுத்தது. அடுத்து கெமிஸ்ட்ரி பேராசிரியை ஒருவர், எங்கள் செட்டின் முதல் மார்க். பிப்பெட் வயிற்றைத் தடவினார். அந்த அம்மா கேடயத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். அடப்பாவிகளா, நீங்களுமா?

கடைசியில் நான். பிப்பெட் எழுந்தே நின்றுவிட்டார். மைக்கைக் கேட்கப்போகிறார், என் கதை முடிந்தது என்று கண்ணை மூடினேன். திறந்தபோது, மூக்கைத் தொட்டு, சிரித்து, மெல்ல உட்கார்ந்துகொண்டிருந்தார்.

திரும்பும்போது காரில் மனைவி சொன்னாள்.

"பாவங்க அந்தப் பெரியவரு. தொண்டையில ஆபரேசன் பண்ணி மூணு வருசமாப் பேச்சே இல்லையாம். இன்னங் கொஞ்ச நாளுதான்னு சொல்லிட்டாங்களாம். அழைப்பப் பாத்துட்டு வந்தே தீருவேன்னு அடமாம். மூக்கையும் காதையும் தொட்டுக்கிட்டே இருக்காரேன்னு மககிட்ட கேட்டேன். அரிப்பா இருக்கும்னு மருந்து தடவி விடுதாம்."

வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.

அரிப்பு இல்லை. அவரவருக்கு அன்று வந்த உப்பை வைத்து, எங்கள் ஆறு பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்.