பூட்டுக்காரரின் நல்ல வாரம்

திங்கட்கிழமை காலையில் பூட்டுக்காரர் கதவைத் திறந்து வெளியே வந்தபோது, படியில் கிடந்த அவருடைய தோல் செருப்பு பளபளவென்று மின்னியது.

வேறு யாராக இருந்தாலும் மகிழ்ச்சியோடு காலை நுழைத்திருப்பார்கள். பூட்டுக்காரர் ஓரடி பின்வாங்கினார். செருப்பைக் கையில் எடுத்துப் புரட்டினார். முகர்ந்து பார்த்தார். முள் இல்லை, பசை இல்லை, வாரும் அறுந்திருக்கவில்லை. யாரோ மெனக்கெட்டு உட்கார்ந்து பாலிஷ் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

"வணக்கம் மாமா! நல்லா தூங்கினீங்களா?"

முன்பல் இரண்டும் விழுந்த சிறுமி ஒருத்தி தேவாலயத்து மதிலோரம் நின்றுகொண்டிருந்தாள். ஞாயிறு பள்ளியிலேயே சின்னவள். அவரைப் பார்த்தால் தலைதெறிக்க ஓடுகிற கூட்டத்தைச் சேர்ந்தவள். இன்று ஓடாமல் நின்று சிரிக்கிறாள்.

"என்ன உடைச்சே?" என்று கேட்டார் பூட்டுக்காரர்.

"ஒண்ணும் இல்ல மாமா."

"ஒண்ணும் இல்லைன்னா எதுக்கு வணக்கம் சொல்றே?"

அவள் இன்னொரு முறை சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

தேவாலய வாசலை ஒட்டித்தான் அவருடைய சாவிக் கடையும், அதன் பின்னால் வீடும். இருபது வருடமாகத் தேவாலயத்தின் எல்லாச் சாவிகளும் அவர் இடுப்பில்தான். பூட்ட முடிந்த எல்லாவற்றையும் அவர் பூட்டியிருந்தார். பியானோ மூடி, பாட்டுப் புத்தக அலமாரி, தோட்டத்துக் குழாய் எல்லாவற்றுக்கும் பூட்டு உண்டு. பிள்ளைகளின் பந்துகள் ஜன்னல் பக்கம் வந்தால் அவையும் சாமான் அறைக்குள் போய்ப் பூட்டப்பட்டன. அவருக்குப் பாட வராது, நாலு பேர் முன்னால் நின்று ஜெபம் பண்ணவும் வராது. ஆனால் சாவிக்கொத்து கலகலவென்று சத்தம் போட்டால் சபையில் எல்லோரும் வழி விடுவார்கள். அவருக்கு இருந்த மரியாதை அது ஒன்றுதான்.

அதற்கும் போன மாதம் ஆபத்து வந்துவிட்டது. பிரசங்கம் செய்ய வந்திருந்த விருந்தாளிப் போதகரை உடை மாற்றும் அறையில் வைத்து, ஆள் இருப்பது தெரியாமல் பூட்டிவிட்டார். ஆராதனை முடிந்த பிறகுதான் கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"இன்னொரு புகார் வந்தா, சாவிக்கொத்தை வாங்கி வேற ஆள்கிட்டக் குடுத்துடுவேன்" என்று சபைப் போதகர் நேராகவே சொல்லிவிட்டார்.

இந்த நேரத்தில் பிள்ளைகள் எதையோ உடைத்திருக்கிறார்கள். பழி யார் தலையில் விழும்?

கடையைத் திறக்காமல் ஓடினார். ஜன்னல் கண்ணாடிகளை எண்ணினார், பெஞ்சுகளின் கால்களை ஆட்டிப் பார்த்தார், குழாயைத் திறந்து மூடினார். எல்லாம் சரியாக இருந்தன. அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது. கண்ணுக்குத் தெரியாதபடி உடைத்திருக்கிறார்கள் என்றால் கைதேர்ந்த கூட்டம்தான்!

வீட்டுக்கு வந்தால் அங்கே வேறு அதிர்ச்சி. கேட்காமலே தேநீர் வந்தது. அதுவும் சூடாக.

அவர் மனைவிதான் ஞாயிறு பள்ளி டீச்சர். பன்னிரண்டு பிள்ளைகளையும் ஒரு பார்வையில் உட்கார வைக்கிறவள். வீட்டில் அந்தப் பார்வை பூட்டுக்காரருக்கு மட்டும்.

"ஒரு தடவை வங்கிப் பெட்டகம் ஒண்ணு திறக்க மாட்டேன்னு அடம் பிடிச்சுது தெரியுமா..." என்று தேநீரோடு வழக்கமான கதையை ஆரம்பித்தார். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கதை முதல் வரியைத் தாண்டியதில்லை. மனைவி எழுந்து போய்விடுவாள்.

இன்று அவள் எதிரே உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்து, "அப்புறம் என்ன ஆச்சுங்க?" என்றாள்.

பூட்டுக்காரர் தேநீரைக் கீழே வைத்தார். அப்புறம் என்ன ஆயிற்று என்று அவருக்கே மறந்துபோயிருந்தது.

செவ்வாய்க்கிழமை கடை வாசல் பெருக்கியிருந்தது. தண்ணீர் தெளித்திருந்தது. பள்ளி விடுமுறை ஆகையால் கும்பல் காலையிலேயே வந்துவிட்டது. இரட்டையர்கள் இருவரும் அவருடைய இரும்புச் சாமான் பையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள்.

"குடுங்க மாமா, நாங்க தூக்கிட்டு வர்றோம்."

"வேண்டாம், விடுங்கடா."

"பாவம் மாமா நீங்க, வயசாச்சு" என்று மூக்குக் கண்ணாடி போட்ட பையன் அவர் இடுப்புப் பக்கமாகக் கையை நீட்டினான். சட்டையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டத்தான் நீட்டினான். பூட்டுக்காரர் கண்ணுக்கு அது சாவிக்கொத்தைத் தேடி வந்த கையாகத் தெரிந்தது.

சாவி! எல்லாம் அவருக்கு வெட்டவெளிச்சமாகிவிட்டது. அன்பாக நெருங்கி, சாவியை உருவி, நகல் எடுத்து... சாவிக்கொத்தைச் சங்கிலி போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டார். சாயங்காலமே தேவாலயக் கதவின் பூட்டை மாற்றினார். யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் அது பூட்டே இல்லை என்பது அவர் கொள்கை.

புதன்கிழமை காலை, பெண்கள் ஜெபக்கூட்டத்துக்கு வந்த பதினேழு பேர் அவசரத்துக்கென்று போதகரிடம் இருந்த பழைய சாவியைப் போட்டுத் திருகினார்கள். சாவி உள்ளேயே ஒடிந்துவிட்டது. வெளியே வேலைக்குப் போயிருந்த பூட்டுக்காரர் வந்து அறுத்துத் திறப்பதற்குள் வெயிலில் நின்ற ஒரு அம்மாவுக்குத் தலை சுற்றிவிட்டது.

"பாதுகாப்புக்குத்தான் ஐயா மாத்தினேன்" என்றார் பூட்டுக்காரர்.

"எதுக்குப் பாதுகாப்பு?" போதகருக்கு முகம் சிவந்திருந்தது. "உள்ள இருக்கிறது நாப்பது பெஞ்சும் ஒரு பியானோவும். யார் தூக்கிட்டுப் போகப்போறா? ஞாயித்துக்கிழமை வரைக்கும் உங்களுக்கு நேரம் தர்றேன். அதுக்குள்ள இன்னொரு சத்தம் கேட்டுது, சாவிக்கொத்து மேசைக்கு வந்துடணும்."

பூட்டுக்காரர் காதில் ஒரே ஒரு சொல்தான் விழுந்தது. பியானோ! மூடியைப் பூட்டினோம், சரி. வயிற்றுக்குள் என்ன செய்து வைத்திருக்கிறார்களோ?

வியாழக்கிழமை மதியம், ஆள் இல்லாத நேரத்தில், பியானோவின் முன்பலகையைக் கழற்றினார். பூட்டைக் கழற்றி மாட்டத் தெரிந்தவனுக்குப் பியானோ எம்மாத்திரம் என்ற நினைப்பு. உள்ளே கிட்டத்தட்ட நூறு குட்டிச் சுத்தியல்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஒன்றும் உடையவில்லை. திருப்பி மாட்டினார். மாட்டி முடித்தபோது கையில் ஐந்து திருகாணிகளும் ஒரு நீளமான மரத்துண்டும் மிச்சம் இருந்தன.

ஒரு கட்டையை அழுத்தினார். யாரோ கதவைத் தட்டுவதுபோல 'டொக்' என்றது. அடுத்ததும் டொக்.

ஜன்னலில் நிழல் ஆடியது. மூக்குக் கண்ணாடி.

"மாமா," என்றான் பையன் ரகசியமாக, "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீங்க கவலைப்படாதீங்க."

பூட்டுக்காரர் மரத்துண்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். இத்தனை நாள் அவர் தேடிய உடைப்பு இப்போது நிஜமாகவே இருந்தது, அவர் கையாலேயே. அதற்குச் சாட்சியும் இருந்தது. சாட்சி சிரிக்கிறது!

"உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் வேண்டாம் மாமா. உங்களுக்குத் தண்ணி ஏதாவது கொண்டுவரவா?"

இந்த வயதில் இவ்வளவு அழுத்தமா என்று பூட்டுக்காரர் வியர்த்துப்போனார்.

வெள்ளிக்கிழமை கடைக் கதவிடுக்கில் ஓர் அட்டை இருந்தது. வண்ணப் பென்சிலில் பெரிய சாவி, அதன் கீழே 'மாமா, நாங்கள் இருக்கிறோம்' என்ற வரி. பன்னிரண்டு கையெழுத்துகள். மற்றவர்களுக்கு வாழ்த்து அட்டையாகத் தெரிந்திருக்கும். பூட்டுக்காரர் அதை மிரட்டல் கடிதங்களுக்குரிய மரியாதையோடு நாலாக மடித்து உள்பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டில் அவர் சட்டைகள் எல்லாம் தேய்த்து அடுக்கியிருந்தன.

"நீங்க ரொம்ப உழைக்கிறீங்க," என்றாள் மனைவி. "கொஞ்சம் படுங்களேன்."

"நீயுமா?" என்றார் பூட்டுக்காரர். "உண்மையைச் சொல்லு. நீ என்னத்தை உடைச்சே?"

அவள் கண்களில் அந்தப் பழைய பார்வை ஒரு நொடி எட்டிப் பார்த்தது. உடனே கண்ணை மூடிக்கொண்டாள். உதடு அசைந்தது. "இன்னும் ரெண்டே நாள்" என்று அவள் முணுமுணுத்தது அவர் காதில் தெளிவாக விழுந்தது.

இரண்டு நாளில் ஞாயிற்றுக்கிழமை. அப்படியானால் அன்றைக்குத்தான் எல்லோருமாகச் சேர்ந்து போட்டு உடைக்கப்போகிறார்கள். சனிக்கிழமை முழுவதும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. சாவிக்கொத்து இல்லாத இடுப்போடு சபை நடுவே நடப்பதை நினைத்துப் பார்த்தார். அழுகை வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை முதல் பாட்டுக்கு எல்லோரும் எழுந்து நின்றார்கள். பியானோ வாசிக்கும் அம்மா பத்து விரலையும் வைத்து அழுத்தினாள். டொக், டொக், டொடொக் என்றது. சபை அந்தச் சத்தத்தையும் ஒரு முன்னிசையாக மதித்துச் சிறிது நேரம் காத்திருந்தது. பிறகு போதகர் பூட்டுக்காரரைப் பார்த்தார்.

ஆராதனை முடிந்ததும் போதகர் அறையில் விசாரணை. போதகர் வாய் திறக்கும் முன்பே பூட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"எல்லாம் கூட்டுச்சதி ஐயா! ஒரு வாரமா இந்தப் பன்னிரண்டு பேரும் எனக்குச் செருப்பு துடைக்கிறாங்க, வாசல் கூட்டுறாங்க, வணக்கம் சொல்றாங்க. எந்தப் பிள்ளையாவது சும்மா வணக்கம் சொல்லுமா? என்னைக் கவுக்கத்தான் ஐயா! இதோ பாருங்க, கடிதமே இருக்கு!"

போதகர் அட்டையைப் பார்த்தார். பிள்ளைகளைக் கூப்பிட்டனுப்பினார். பன்னிரண்டு பேரும் வரிசையாக வந்து நின்றார்கள். பின்னாலேயே டீச்சரும் வந்து கதவோரம் நின்றாள்.

"பியானோவை யார் உடைச்சது?" என்றார் போதகர்.

மூக்குக் கண்ணாடிப் பையன் பூட்டுக்காரரைப் பார்த்தான். பூட்டுக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"நான்தான் ஐயா" என்றான் பையன்.

"இல்ல ஐயா, நாங்க" என்றார்கள் இரட்டையர்கள்.

"நானும்தான்!"

"நான்தான் ஐயா முதல்ல!"

பன்னிரண்டு கைகள் மேலே நின்றன. முன்பல் இல்லாத சிறுமி, பியானோவின் அருகே போனதே இல்லாதவள், இரண்டு கையையும் தூக்கியிருந்தாள்.

பூட்டுக்காரர் மேலும் சந்தேகப்படத்தான் முயன்றார். இதில் அவர்களுக்கு என்ன லாபம் என்று யோசித்தார். ஒன்றுமே பிடிபடவில்லை.

"பொய் சொல்றாங்க ஐயா" என்றார் தழுதழுத்து. "நான்தான். வியாழக்கிழமை பிரிச்சேன், மாட்டத் தெரியல. திருகாணி எல்லாம் என்கிட்டதான் இருக்கு."

இடுப்புச் சங்கிலியை அவிழ்த்துச் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தார். இருபது வருடத்தில் முதல் முறையாக அது சத்தம் போடாமல் இறங்கியது.

போதகர் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "செய்யாத தப்பை ஏன் ஏத்துக்கிட்டீங்க?"

"வீட்டுப்பாடம் ஐயா" என்றான் மூக்குக் கண்ணாடி. "ஒரு வாரம் முழுக்க ஒருத்தருக்கு நல்லது மட்டுமே செய்யணும். இன்னியோட முடியுது."

"பன்னிரண்டு பேரும் ஒரே ஆளுக்கா?"

"ஆமா ஐயா. எல்லார் நோட்டுலயும் மாமா பேருதான்."

பூட்டுக்காரர் உட்கார்ந்துவிட்டார். பன்னிரண்டு பேரும்! சபையில் முந்நூறு பேர் இருக்க, பாட வராத, பேச வராத, பந்தைப் பிடுங்கி வைக்கிற அவரை! தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தேம்பினார். போதகருக்கும் கண் கலங்கிவிட்டது. சாவிக்கொத்தை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும். இவ்வளவு பேரோட அன்பைச் சம்பாதிச்ச ஆள்கிட்ட இருந்து இதை வாங்க எனக்குத் தைரியம் இல்ல. பியானோவை ஆள் விட்டுச் சரி பண்ணிக்கலாம்."

"சரிங்க, அடுப்புல பால் வச்சுட்டு வந்துட்டேன்" என்று கதவோரம் நின்ற மனைவி அவசரமாகக் கைப்பையை எடுத்தாள். "நான் முன்னாடி போறேன்."

"இரும்மா!" என்றார் பூட்டுக்காரர், கண்ணீரும் பெருமையுமாக. "பொங்கினா பொங்கட்டும். உன் புருஷனை ஊரே எப்படி நினைக்குதுன்னு நீயும் நின்னு கேட்டுட்டுப் போ."

முன்பல் இல்லாத சிறுமியைத் தூக்கி மேசைமேல் உட்கார வைத்தார்.

"சொல்லு கண்ணு, இத்தனை பேர் இருக்கும்போது என்னை ஏன் தேர்ந்தெடுத்தீங்க?"

"நாங்க எங்க மாமா தேர்ந்தெடுத்தோம்? 'உங்களுக்கு ஆகவே ஆகாத ஒருத்தர் பேரை எழுதி, அவருக்கு நல்லது செய்யுங்க'ன்னாங்க, எங்களுக்கு அப்படி யாருமே தோணல, அதான் டீச்சர் மாதிரிக்கு போர்டுல எழுதிக் காட்டின பேரையே எல்லாரும் பார்த்து எழுதிட்டோம்."