நாற்பத்து மூன்றாவது வரி

2018 செப்டம்பர் 16, ஞாயிறு. காலை 5.40க்கு எழுந்தேன். பல் துலக்கும் பிரஷ்ஷை மாற்ற வேண்டிய நாள். பழையதைக் குப்பைக்கூடையில் போட்டேன். 7.15க்கு இட்லி, நான்கு. 8 மணிக்கு, இன்று நினைத்தாலும் என்னை நானே அறையத் தோன்றும் அந்த வேலையைத் தொடங்கினேன்.

எங்கள் பெரம்பலூர் வீட்டுக் கணினியில் இருந்தது லினக்ஸ் இயங்குதளம். அதை இயக்கும் மையப் பகுதியான கெர்னலை நமக்கு ஏற்றபடி நாமே கம்பைல் செய்து உருவாக்கிக்கொண்டால் வேகம் கூடும் என்று எங்கோ படித்திருந்தேன். எதெல்லாம் வேண்டும் என்று ஒரு நீண்ட பட்டியல் கேட்டது. பெயர் புரியாததையெல்லாம் நீக்கினேன். (எனக்குப் புரியாதது கணினிக்கு எதற்கு?) 1.10க்கு முடிந்தது. கணினி தொடங்கும்போது பழைய கெர்னல், புதியது என இரண்டு வரி தெரியும், அது ஒழுங்கில்லை. பழையதை அழித்துவிட்டு, அணைத்துப் போட்டேன்.

கறுப்புத் திரை. ஹார்டு டிஸ்க்கையே காணோம் என்றது. பதினோரு முறை அணைத்துப் போட்டேன். மின்சாரத்தைத் திட்டினேன், பக்கத்து வீட்டு மிக்ஸியைத் திட்டினேன். கடைசியில் மனைவியிடம் போய், பிளக்கைப் பிடுங்கினாயா என்று கத்தினேன்.

செல்வி குன்னத்தில் பள்ளி ஆசிரியை. "நான் அடுப்படியை விட்டே வரலைங்க. நாளைக்கு ஒம்பதாம் வகுப்புக்குப் பரீட்சை. கேள்வித்தாள் அதுக்குள்ளதான் இருக்கு" என்றாள்.

அரியலூரில் கணினி பழுதுபார்க்கும் நண்பர் பஷீரை அழைத்தேன்.

"பழைய கெர்னல் இருக்கும்ல சார், அதுல போங்க."

"அழிச்சிட்டேன்."

"ஏன் சார்?"

அந்தக் கேள்விக்குத்தான் கோபம் உச்சிக்கு ஏறியது. போனை மறு காதுக்கு மாற்றினேன். டிஸ்க்கைப் படிக்க உதவும் டிரைவர் என்ற நிரலையாவது விட்டுவைத்தேனா என்று கேட்டார். நீக்கியதையெல்லாம் வரிசை எண்ணிட்டு டைரியில் எழுதியிருந்தேன். பார்த்தேன். நாற்பத்து மூன்றாவது வரி, அதுதான்.

கணினிப் பெட்டியைத் தலையணை உறையில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு 3.05 பஸ்ஸில் அரியலூர் போனேன். "அதுக்கு உடம்புக்கு என்னங்க?" என்றார் கண்டக்டர். பஷீர் தன் பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடக்கி, ஐந்தே நிமிடத்தில் கேள்வித்தாளை இன்னொரு பென் டிரைவில் எடுத்துக் கொடுத்தார்.

7.20க்கு வெற்றிவீரனாக வீடு திரும்பினேன். செல்வி கையாலேயே நான்கு பக்கம் எழுதி முடித்து, பேனாவை மூடிக்கொண்டிருந்தாள். பென் டிரைவை நீட்டினேன்.

"தேவையில்லீங்க."

மறுநாள் காலை 5.40. முதல் வேலையாகப் பல் துலக்கப் போனேன். குவளையில் புது பிரஷ்ஷுக்குப் பக்கத்தில், கழுவித் துடைத்த பழைய பிரஷ். பின்னால் செல்வி நின்றாள்.

"புதுசுல தேய்ச்சுப் பாருங்க. அப்பறம் பழசைத் தூக்கிப் போடலாம்."

குக்கர் வந்தாலும் செருப்பு வந்தாலும் எங்கள் வீட்டில் இன்றும் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார். முதன்முதலில் கேட்டபோது ஒரு நல்ல பதில் என்னிடம் இருந்தது. வாய் நிறைய நுரையும் இருந்தது.