கோழி வாங்க ஏற்ற காலம்

எங்கள் வீட்டில் கோழி வளர்ப்பதற்கு நான் எதிரியல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்வீட்டுக் கம்பவுண்டர் என்னைப் பற்றி வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார். கோழி வளர்க்கலாம். தாராளமாக வளர்க்கலாம். எப்போது ஆரம்பிப்பது என்பதில்தான் சிக்கல்.

வெயில் காலத்தில் என் மனைவி கேட்டாள். "இந்த வெயில்ல கோழி வாயைப் பொளந்துடும், பாவம்" என்றேன். மழைக்காலத்தில் கேட்டாள். "ஈரத்துல நோய் வரும். புதுசா வளக்கறவங்க மழையில ஆரம்பிக்கவே கூடாது" என்றேன். குளிர் வந்ததும் கேட்டாள். "குஞ்சு வெறைச்சுப் போயிடும்" என்றேன்.

"அப்ப வருஷத்துல எந்த மாசந்தாங்க கோழிக்கு ஆகும்?"

"அதைத்தான் நானும் யோசிச்சிட்டிருக்கேன்."

இப்படி யோசித்தே பல வருஷத்தை ஓட்டிவிட்டேன். என்னைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள்.

உண்மையான காரணம் பின்னறை. நான் லிப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு கத்துகிறவர்களை வெளியே எடுப்பது என் பிழைப்பு. ராத்திரி டூட்டி முடிந்து காலையில் வீட்டுக்கு வருகிறவனுக்கு என்ன வேண்டும்? தூக்கம் வேண்டும். முன்னறையில் என் மனைவியின் தையல் மெஷின் இருக்கிறது. பள்ளிக்கூடங்களுக்குச் சீருடை தைத்துக் கொடுக்கிறாள். அது ஓட ஆரம்பித்தால் சுவரில் மாட்டிய கடிகாரம்கூட நடுங்கும். கொல்லையைப் பார்த்த பின்னறை ஒன்றில்தான் அந்தச் சத்தம் கேட்காது. ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, உள்ளே தாழ்ப்பாள். என் ராஜ்ஜியமே அவ்வளவுதான். அந்த ஜன்னலுக்குக் கீழே கோழியைக் கொண்டுவந்து கொக்கரிக்க விட எனக்கென்ன பைத்தியமா? ஆனால் இதை மனைவியிடம் சொல்ல முடியாது. சொன்னால், என் தூக்கம் பெரிதா அவள் ஆசை பெரிதா என்று பேச்சு வரும். எது பெரிது என்பது எனக்கே தெரியும். அதனால்தான் வெயிலையும் மழையையும் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டேன்.

போன வாரம் ஒரு காலையில், வாயில் குண்டூசிகளை வைத்துக்கொண்டே அவள் சொன்னாள்.

"அண்ணன் வராராம்."

"எந்த அண்ணன்?"

"எனக்கு எத்தன அண்ணன்?"

என் மச்சான் விளையாட்டு வாத்தியாராக இருந்தவர். வேலையிலிருந்துதான் ஓய்வு பெற்றார், விசிலிலிருந்து பெறவில்லை. பகலில் தூங்குவது ஒரு வியாதி என்பது அவருடைய கொள்கை. போன தடவை வந்தபோது அந்த வியாதியை எனக்குக் குணப்படுத்தியே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டார். நான் டூட்டி முடிந்து வருவேன், அவர் வாசலில் விசிலோடு நிற்பார். "தூக்கம் வர்ற மாதிரி இருந்தா வீட்டைச் சுத்தி ஓடுங்க மாப்ளே." நான் ஓடினேன். பக்கத்துத் தெருக்காரர்களெல்லாம் பார்க்க ஓடினேன்.

"எத்தன நாளைக்கு?" என்றேன்.

"வீட்டை இடிச்சுக் கட்டப் போறாராம். கட்டி முடிக்கற வரைக்கும்."

"எங்க படுப்பாரு?"

"பின்னறை இருக்கே. வேற எங்க?"

"எப்ப வராரு?"

"வெள்ளிக்கிழம மத்தியானம்."

அன்றைக்கு டூட்டியில் எனக்குக் கை ஓடவில்லை. ஒரு லிப்ட் பெட்டியின் கூரைமேல் உட்கார்ந்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். மேலே இருட்டு, கீழே இருட்டு, நடுவில் நான். அப்போதுதான் யோசனை வந்தது. கோழிக்குஞ்சு.

பொரித்து வந்த குஞ்சைக் கொல்லையில் விட முடியாது. அதற்குக் குளிர்காற்றுப் புகாத அறை வேண்டும், சூடான பல்பு வேண்டும், வெளியாள் நடமாட்டம் கூடாது. அப்படிப்பட்ட அறை எங்கள் வீட்டில் ஒன்றுதான். குஞ்சு உள்ளே போய்விட்டால் மச்சானுக்கு இடமில்லை. அவருக்குத் தங்குவதற்கு வேறு உறவா இல்லை? இறகு முளைத்ததும் குஞ்சு கொல்லைக்குப் போய்விடும், அறை எனக்குத் திரும்பிவிடும். ஜன்னலுக்குக் கீழே கொக்கரிப்பை வேண்டுமானால் பொறுத்துக்கொள்ளலாம். கோழி விசில் அடிக்காது, என்னை ஓடச் சொல்லாது.

வீட்டுக்குப் போனதும் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"கோழி வளக்கறதுன்னு முடிவு பண்ணிட்டேன்."

தையல் மெஷின் நின்றது.

"இப்பவா? மழையே இன்னும் முழுசா விடலையே."

"அது வெறும் தூறல். இப்ப குஞ்சு வாங்கினாத்தான் எறகு மொளைச்சு வெளிய வர்றப்ப மழையும் இருக்காது, வெயிலும் ஏறியிருக்காது. புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு இதைவிட நல்ல நேரம் கெடையாது."

"ஈரத்துல நோய் வரும்னீங்களே."

"அறைக்குள்ள ஏது ஈரம்?"

"குளிருக்கு வெறைச்சுப் போயிடும்னீங்களே."

"பல்பு எதுக்கு இருக்கு? யார் சொன்னா வெறைச்சுப் போயிடும்னு?"

"நீங்கதான்."

"அது போன வருஷம்."

அவள் ஒரு சட்டைக் காலரைத் திருப்பிப் பார்த்தாள். அவள் காலரைத் திருப்பினால் அடுத்த கேள்வி கஷ்டமாக இருக்கும்.

"வளந்த கோழியாவே வாங்கிட்டா இந்தத் தொல்லையே இல்லையே. நேரா கொல்லையில விட்டுடலாம். மொதல் தடவ வளக்கறவங்களுக்கு அதுதான் சுலபம்னு கம்பவுண்டரும் சொன்னாரு."

வளர்ந்த கோழி கொல்லைக்குப் போகும், மச்சான் பின்னறைக்குப் போவார், நான் மறுபடியும் வீட்டைச் சுற்றிப் போவேன்.

"வளந்த கோழி நம்மகிட்ட ஒட்டாதும்மா. குஞ்சுலேர்ந்து வளத்தாத்தான் பாசம் இருக்கும்."

"உங்களுக்குக் கோழி மேல பாசமா?"

"ஏன், எனக்கு மனசு கெடையாதா?"

"குஞ்சை எங்க வெப்பீங்க?"

"பின்னறையிலதான். வேற எங்க?"

"அண்ணன் வராரே."

"அதுக்கு நான் என்ன பண்றது? வாயில்லாத ஜீவனைத் தெருவுலயா விட முடியும்?"

"உங்க கட்டில்?"

"பிரிச்சுப் போட்டுடறேன்."

"வளந்தப்பறம் கூண்டு வேணும்."

"நானே அடிக்கறேன்."

"தீனி, தண்ணி, கூட்டறது, அள்ளறது? சொல்லிட்டேன், நான் கை வெக்க மாட்டேன். இந்தத் துணியெல்லாம் முடிச்சுக் குடுக்கணும்."

"எல்லாம் நான் பாத்துக்கறேன். நீ அந்தப் பக்கமே வர வேண்டாம்."

அவள் பெருமூச்சு விட்டாள். "உங்க இஷ்டம். நீங்க பிடிவாதம் பிடிச்சா நான் என்ன சொல்ல முடியும்?"

கல்யாணமான நாளிலிருந்து இந்த வாக்கியத்தை அவள் சொன்னதே இல்லை. அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக மீசையைத் தடவிக்கொண்டேன்.

கம்பவுண்டரிடம் ஓடினேன். மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவர், வீட்டில் கோழி வளர்க்கிறவர். அவர் வீட்டுச் சுவருக்கு இந்தப் பக்கம்தான் எங்கள் கொல்லை.

"வெள்ளிக்கிழம காலையிலயே குஞ்சு வேணும் சார்."

"வந்துடும். சொல்லி வெச்சாச்சு."

"யாரு சொல்லி வெச்சா?"

அவர் இருமினார். மருந்துக்கடைக்காரர் இருமலை நான் எங்கே ஆராய்வது? எனக்கு நேரமில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் குஞ்சுகள் வந்து இறங்கின. கட்டில் வெளியேறிய அறையில் மரத்தூள் பரப்பி, அட்டையை வட்டமாக வளைத்து வேலி கட்டி, நடுவில் பல்பைத் தொங்கவிட்டிருந்தேன். கம்பவுண்டர் சுவருக்கு மேலே தலையை நீட்டிப் பாடம் சொன்னார்.

"பல்புக்கு அடியில ஒண்ணுமேல ஒண்ணு குமிஞ்சா குளிருதுன்னு அர்த்தம், பல்பை எறக்குங்க. ஓரமா ஒதுங்கி வாயைத் தொறந்தா சூடு தாங்கல, ஏத்துங்க."

"ஏத்தறதும் எறக்கறதும்தானே சார் நம்ம தொழில்" என்றேன்.

தொழில் கர்வம் கொஞ்ச நேரம்தான் இருந்தது. மத்தியானம் நெருங்கும்போது மின்சாரம் போயிற்று.

வெளியே தூறல். அறை சில்லென்று ஆகத் தொடங்கியது. குஞ்சுகள் கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டு ஒரு மூலையில் குமிந்தன. பிறகு கத்துவதை நிறுத்தின. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மாட்டிக்கொண்ட லிப்டில் சத்தம் வரும்வரை கவலை இல்லை. சத்தம் நின்றால்தான் நான் படியில் இரண்டிரண்டாகத் தாவுவேன். குமியலை மெதுவாக விலக்கினேன். அடியில் ஒன்று கழுத்தைத் தொங்கப்போட்டுக் கிடந்தது.

"ஏம்மா, இங்க கொஞ்சம் வாயேன்."

கை வைக்க மாட்டேன் என்றவள் கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். நான் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் திரும்பி ஓடி, பாட்டில்களில் வெந்நீர் நிரப்பி, சீருடைத் துணி மிச்சத்தில் சுற்றிக் கொண்டுவந்து மரத்தூளில் வைத்தாள். நாங்கள் இரண்டு பேரும் மண்டியிட்டுக் குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பாட்டிலோடு அணைத்து வைத்தோம். தொங்கிப்போனதை நான் சட்டைக்குள் போட்டு நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். அது அசையவில்லை. நானும் அசையவில்லை. மச்சானுக்குத் தடுப்புச் சுவராகத்தான் அதை வாங்கினேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நிமிஷத்தில் அது பிழைத்தால் போதும், மச்சான் இரண்டு பேராக வந்தாலும் சரி என்று தோன்றிவிட்டது.

அப்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அறையில் இடமில்லை என்று சொல்லும் பேச்சை மூன்று நாளாக மனப்பாடம் செய்திருந்தேன். ஒரு வார்த்தைகூட ஞாபகம் வரவில்லை. சட்டைக்குள் கையை விட்டபடியே வாசலுக்குப் போனேன். கால் தானாகவே ஓடத் தயாராக இருந்தது.

ஆட்டோவிலிருந்து இறங்கியவர் பள்ளிக்கூட ஆயா. சீருடை வாங்க வந்திருந்தார். "நெஞ்சு வலியாங்க?" என்று விசாரித்தார்.

அதே நேரத்தில் நெஞ்சில் ஏதோ ஒன்று கீச்சென்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மின்சாரமும் வந்தது. பல்பை இறக்கினேன், குஞ்சுகள் பரவி உட்கார்ந்து தீனி கொத்த ஆரம்பித்தன. சட்டைக்குள் இருந்ததை மட்டும் வெளியே விட மனசு வரவில்லை.

மத்தியானம் முழுவதும் காது வாசலிலேயே இருந்தது. மச்சான் வரவில்லை. சாயங்காலமும் ஆயிற்று. எதிரி எங்கே இருக்கிறான் என்று தெரியாமல் காத்திருப்பது பெரிய கொடுமை. பொறுக்க முடியாமல் நானே போன் செய்தேன்.

"மச்சான், எங்க வந்துட்டிருக்கீங்க?"

"மைதானத்துக்கு."

"இல்ல, நம்ம வீட்டுக்கு எப்ப வருவீங்க?"

"எதுக்கு?"

"வீட்டை இடிச்சுக் கட்டறீங்களே."

"யார் வீட்டை?"

"உங்க வீட்டைத்தான்."

"என் வீட்டுக்கு என்ன கேடு? நல்லாத்தான் இருக்கு. மாப்ளே, நான் அப்பவே சொன்னேன், பகல்ல தூங்கினா இப்படித்தான் கண்ட கனவும் வரும். எந்திரிச்சு ஓடுங்க, சரியாயிடும்."

போனை வைத்தேன். முன்னறையில் தையல் மெஷினுக்குப் பக்கத்திலேயே நான் பிரித்துப் போட்ட கட்டிலை மறுபடி பூட்டி, விரிப்பும் போட்டிருந்தது. தலையணை மெஷின் பக்கம் இருந்தது.

என் மனைவி கொல்லையில் நின்றுகொண்டிருந்தாள்.

"உங்கண்ணன் வரலையாம்."

"அப்படியா?"

"வீடும் இடிக்கலையாம். வரேன்னு சொன்னதே இல்லையாம்."

"நான்தான் சொன்னேன்."

"பொய்யா?"

"எத்தன வருஷமாக் கேக்கறேன்? நான் வெயிலைச் சொன்னேனா, மழையைச் சொன்னேனா? ஒரு அண்ணனைத்தானே சொன்னேன்."

கோபம் வந்தது. கத்தலாம் என்று மூச்சை இழுத்தேன். சட்டைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது விழித்துவிடும்போல இருந்தது. மெதுவாகத்தான் பேச முடிந்தது.

"போகட்டும். இனிமே உங்கண்ணன் வருவாருன்னு நான் பயப்பட வேண்டியதில்லையே?"

அவள் கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்துக் கம்பவுண்டர் வீட்டுச் சுவரோரமாக நீட்டினாள். ஒரு முனையை என் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னாள். பிடித்துக்கொண்டேன்.

"ஆடு வாங்கறப்ப வருவாரு."