நீள இலை, குண்டு இலை

சொன்ன வேலையை மட்டும் செய்துவிட்டு நிறுத்திக்கொள்கிற அப்பாவை நான் இதுவரை பார்த்ததில்லை. கண்ணாடியிலும் பார்த்ததில்லை. போன ஐப்பசியில் என் மகளின் இரண்டு வருட உழைப்பை ஒரே மத்தியானத்தில் நான் நாசம் செய்தது அப்படித்தான். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. இருந்திருந்தால் என்னைத் திட்டவாவது அவளுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

மகள் தீபா, மரங்களில் ஒட்டிக்கொண்டு வளரும், பூக்காத பெரணிச் செடிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். அதிலும் ஒரே ஒரு பேரினம். அதற்குள் எது தனி இனம், எதெல்லாம் ஒரே இனம் என்று அவள் பிரித்துச் சொல்ல வேண்டும். அதற்காக ஆனைமலைப் பக்கத்துக் காடுகளில் அனுமதி வாங்கி, அட்டைக்கடியும் வாங்கிச் சேர்த்த செடிகளை நியூஸ்பேப்பருக்குள் வைத்து, எங்கள் மாடி அறையில் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தாள். (பெரணி படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று சொந்தக்காரர்கள் கேட்டால், "நல்ல வேலைங்க" என்பேன். என்ன வேலை என்று எனக்கும் தெரியாது. ராத்திரியெல்லாம் அதே பயம். ஏதாவது உதவி செய்துவிட வேண்டும் என்று கை அரித்துக்கொண்டே இருந்தது.)

ஒரு சனிக்கிழமை காலையில், தோழியின் கல்யாணத்துக்கு ஈரோடு கிளம்பினாள். திங்கட்கிழமை அத்தனை செடிகளையும் கல்லூரியில் தன் வழிகாட்டிப் பேராசிரியரிடம் காட்டியாக வேண்டும்.

"அப்பா, மேல இருக்கற இந்த ஒரு கட்டுல மட்டும், செடி இருக்கற பேப்பருக்கு நடுநடுவே வெச்ச வெறும் பேப்பர் ஈரமா இருக்கும். காஞ்ச பேப்பர் மாத்தி வெச்சிருங்க. வேற ஒன்னும் பண்ண வேண்டாங்கப்பா."

அப்பாவுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாதென்று சொல்கிறாள் என நினைத்தேன்.

பெரியநாயக்கன்பாளையத்தில் எனக்கு ஒரு சின்னப் பட்டறை இருக்கிறது. மோட்டார் பம்புக்கு வேண்டிய சில்லறைச் சாமான்கள் செய்கிறோம். முப்பது வருடத்தில் நான் கற்றுக்கொண்ட ஒரே ஞானம், ஒரே மாதிரி இருப்பதெல்லாம் ஒரே டப்பாவில் இருக்க வேண்டும் என்பது. புஷ் டப்பாவில் ஒரு வாஷர் கிடந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

கட்டைப் பிரித்தேன். கயிறு மாதிரி ஒரு தண்டு, அதில் பொத்தான் போலக் குண்டு இலைகள், பக்கத்திலேயே விரல் நீளத்துக்கு ஒல்லி இலைகள். எல்லாம் கலந்து கிடந்தன. அடுத்த பேப்பரிலும் அப்படியே. படித்த பிள்ளை, இதைக் கொண்டுபோய்ப் பேராசிரியரிடம் காட்டினால் மானம் போய்விடாதா?

என் மனைவி சுமதி காப்பியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, புள்ள பேப்பரைத்தானுங்களே மாத்தச் சொல்லுச்சு?"

"நீ போ அம்மணி. இது ஸ்டோர் ரூம் வேலை, உனக்குத் தெரியாது."

பாதி காய்ந்த இலைகள் தொட்டாலே தண்டிலிருந்து கழன்று வந்தன. கழற்றச் சொல்லித்தான் அப்படிக் காய்ந்திருக்கின்றன என்று எனக்குத் தோன்றியது. ஒரு கட்டோடு நிறுத்தவில்லை. அறையில் இருந்த அத்தனை கட்டையும் பிரித்தேன். குண்டு இலைகள் ஒரு பக்கம், நீள இலைகள் ஒரு பக்கம், கிழிந்தவை தனியாக. புதுப் பேப்பரில் அடுக்கி, மேலே ஸ்கெட்ச் பேனாவால் "குண்டு", "நீளம்", "டேமேஜ்" என்று எழுதினேன். குப்பைத் தண்டுகளைக் கறிவேப்பிலை மரத்தடியில் உரமாகக் கொட்டினேன். பழைய பேப்பரையெல்லாம் மூட்டை கட்டி, மெயின் ரோட்டுப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிட்டு வந்தேன்.

ஞாயிறு சாயங்காலம் தீபா வந்தாள். "கண்ணை மூடிக்க, கண்ணு" என்று நானே கையைப் பிடித்து மாடிக்குக் கூட்டிப்போனேன். (இதை எழுதும்போதும் கூசுகிறது.)

கண்ணைத் திறந்தவள் "குண்டு", "நீளம்", "டேமேஜ்" என்று ஒவ்வொன்றாகப் படித்தாள். ரசித்துப் படிக்கிறாள் என்று நினைத்தேன்.

"பழைய பேப்பர் எங்கீங்கப்பா?"

"எடைக்குப் போட்டுட்டேன்."

"ஓரத்துல நம்பர் எழுதியிருந்துச்சே?"

"அது பேப்பர் போடறவரு குறிக்கற வீட்டு நம்பர்தானே?"

ஊரிலுள்ள அத்தனை வீட்டு நம்பரும் எங்கள் வீட்டுப் பேப்பரில் எப்படி வந்தது என்று எனக்குத் தோன்றவே இல்லை. எந்தச் செடி, எந்தக் காடு, எந்த மரம் என்ற விவரமெல்லாம் அந்த நம்பரைத் தொட்டுத்தான் அவளுடைய நோட்டில் இருந்தது.

"தண்டு?"

நான் ஜன்னல் வழியாகக் கறிவேப்பிலை மரத்தைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். முந்தின நாள் ராத்திரி நல்ல மழை.

மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். "அப்பா, இதுல ஒரே செடியில ரெண்டு மாதிரி இலை வருங்க. நீள இலைக்கு அடியில பழுப்பாப் பொட்டுப் பொட்டா இருக்குது பாருங்க, அதுலதான் வித்துத்தூள் இருக்கும். குண்டு இலையில அது இருக்காது. இலையோட வடிவத்தை மட்டும் நம்பிப் பிரிச்சா தப்பாயிரும், தண்டுல இருக்கற செதிலையெல்லாம் பாக்கோணும்னுதான் ரெண்டு வருசமா எழுதிட்டிருக்கேன்."

"அப்ப நான் செஞ்சது..."

"தப்பாப் பிரிக்கறதுக்கு ஒரு உதாரணம் வேணும்னு சார் கேட்டுட்டே இருந்தாருங்கப்பா" என்று சிரித்தாள். பாதிச் சிரிப்பில் அழுதுவிட்டாள். அவள் பத்தாவது படிக்கும்போது அழுததுதான் நான் கடைசியாகப் பார்த்தது.

திங்கட்கிழமை அவள் கல்லூரிக்குப் போகவில்லை. இரண்டு பேரும் பழைய பேப்பர் கடை வாசலில் குத்தவைத்து மூட்டை மூட்டையாகக் கிளறினோம்.

"ஏனுங்கண்ணா, பத்திரம் ஏதாச்சும் தவறிருச்சுங்களா?" என்றார் கடைக்காரர்.

"பத்திரமா இருந்ததைத்தானுங்க நானே தூக்கிப் போட்டுட்டேன்" என்றேன்.

நல்லவேளை, எங்கள் பேப்பர் பெரும்பாலும் கிடைத்தது. அதில் செடியின் ஈரம் இலை வடிவத்திலேயே கறையாகப் படிந்திருந்தது. மூன்று வாரம் அந்தக் கறைகளின் மேல் இலைகளை வைத்து வைத்துப் பார்த்தாள். காட்டில் எடுத்த போட்டோக்களோடும் ஒப்பிட்டாள். பாதிச் செடிகள் தேறின. மீதியெல்லாம் ஊர் பேர் தெரியாத இலைகளாகிவிட்டன. தண்டோ, மழையில் ஊறி எதற்கும் ஆகவில்லை. மறுபடி அனுமதி, மறுபடி காடு, மறுபடி அட்டை. ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பது ஒரு வருடம் தள்ளிப்போனது. அந்த ஒரு வருடத்தை அவளுக்கு நான் எங்கிருந்து எடுத்துக் கொடுப்பேன்?

போன மாதம் பொள்ளாச்சியில் ஒரு கல்யாணம். பந்தியில் எதிரே உட்கார்ந்திருந்த சுமதியின் பெரியம்மா மகள், என்னையும் தீபாவையும் மாறி மாறிப் பார்த்தார். (நான் குள்ளம், குண்டு. மகள் அம்மா மாதிரி நெடுநெடுவென்று இருப்பாள்.)

"ஏங்கண்ணு, உனக்கு உங்கொப்பா ஜாடை துளிகூட இல்லையே?"

"ஒரே தண்டுதானுங்க பெரிம்மா" என்றாள் தீபா. "எங்கப்பாகிட்ட மட்டும் பிரிக்கக் குடுத்துறாதீங்க. என்னை வேற டப்பாவுல போட்டுருவாரு."

பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன், தலையைக் குனிந்துகொண்டு. சாப்பிட்டு முடித்து இலையை மடிக்கக் கையை நீட்டினேன்.

"உடுங்க, நானே மடிச்சர்றேன்" என்று பக்கத்து இலையில் இருந்த சுமதி என் கையைத் தட்டிவிட்டாள்.