மெழுகுப் பெட்டிக்குக் கற்பூரம்

பேய்க்குப் பயப்படமாட்டேன் என்பவர்கள் எல்லாரும் பகலில்தான் அதைச் சொல்கிறார்கள். நானும் சொன்னேன். என் கெட்ட நேரம், எனக்கு வாய்த்த பேய் பகலிலேயே வந்து தொலைத்தது.

திருவண்ணாமலையில் என் மாமனார் பார்சல் ஆபீஸ் நடத்துகிறார். கல்யாணமாகி வந்த புதிதில், சமையலறையிலிருந்து நான் தப்பிக்க இருந்த ஒரே வழி அந்த ஆபீஸ் கவுண்டர்தான். (என் ரசத்தைக் குடித்தவர்களுக்கும் அதில் பூரண சம்மதம்.) பௌர்ணமி என்றால் கிரிவலக் கூட்டத்துக்காக ஊருக்குள் லாரி விடமாட்டார்கள். அப்படி ஒரு பௌர்ணமியன்று லாரியை ஊருக்கு வெளியே வேங்கிக்கால் பக்கமே நிறுத்திவிட, மாமனார் ஆட்களோடு அங்கே கிளம்பினார்.

"இன்னிக்கு ஒரு நாள் நீ பாத்துக்கம்மா. சரியா செஞ்சிட்டா கவுண்டர் உனக்குத்தான். சொதப்பிட்டா வூட்டோட இருந்துக்கணும்."

சரக்கு மூன்று வகை: சாதா, உடையறது, தீப்பிடிக்கறது. கடைசி வகைக்கு வாடகை ஜாஸ்தி. அது குடோனுக்குள்ளேயே வரக்கூடாது, லாரி வரும்வரை வெளியே வேப்பமர நிழலில்தான் இருக்க வேண்டும். இவ்வளவுதான் பாடம். எனக்கா தெரியாது?

உச்சி வெயிலில் பாலிஷ் கம்பெனி பாய் பெட்டிகளோடு வந்தார்.

"மரச்சாமான் பாலிஷும் மெழுகும் இருக்குதும்மா. பிரிச்சிப் பாத்து வகை போட்டுக்குங்க. ஜும்மாவுக்கு நேரமாயிடுச்சி, தொழுதுட்டு வந்துடறேன்."

மேலே இருந்த ஒரே ஒரு பெட்டியைப் பிரித்தேன். வெல்லம் மாதிரி மஞ்சள் மெழுகுக் கட்டிகள். நகத்தால் கீறினேன், முகர்ந்தேன். (விஞ்ஞானி தோற்றார்.) மெழுகில் என்ன பெரிய வகை என்று எல்லாவற்றுக்கும் 'சாதா' போட்டு, குடோனுக்குள் இழுத்து அடுக்கிவிட்டேன்.

தகரக் கூரை. கத்திரி வெயில். கூட்டமெல்லாம் மலைப் பக்கம், எங்கள் தெருவில் ஈ காக்கை இல்லை. கவுண்டரில் உட்கார்ந்து கண் சொருகும்போது குடோனுக்குள் யாரோ தட்டினார்கள்.

டொக்.

"யாருங்க?"

டொக்.

உள்ளே ஒருவரும் இல்லை. பெட்டிகள்தான். இனம் தெரியாத ஒரு வாடை தொண்டையைப் பிடித்தது. இடது மூலையில் டொக் என்றது. பதில் சொல்வது போல் வலது மூலையிலும் டொக். "ஏதாவது வேணுங்களா?" என்று கேட்டேன். (மருமகளின் மரியாதை பேயிடமும் குறையவில்லை.) சேர்ந்தாற்போல் பல இடங்களில் டொக், டொக் என்றது.

வெள்ளிக்கிழமைதோறும் மாமனார் குடோன் வாசலில் கற்பூரம் காட்டுவார். அன்று வெள்ளிக்கிழமை. தட்டு நிறையக் கற்பூரத்தைக் கொட்டிக்கொண்டேன். வாசலில் காட்டினால் உள்ளே எட்டுமோ எட்டாதோ என்று பெட்டிகளுக்கு நடுவிலேயே போய் நின்று தீக்குச்சியை எடுத்தேன்.

"அம்மா, அத உரசாதீங்க."

வாசலில் பாய். முகம் வெளுத்திருந்தது.

"உள்ள யாரோ தட்றாங்க பாய்."

"யாரும் இல்லம்மா. பாலிஷ் டின்னு. சூட்டுல மூடி உப்பிக்குது. அத்தனையும் டர்பன்டைன், பொறி பட்டாலே பத்திக்கும். நீங்க மொதல்ல வெளிய வாங்க."

அவரே உள்ளே வந்து தட்டை வாங்கி வைத்தார். இருவருமாக டின் பெட்டிகளை வேப்பமரத்தடிக்கு இழுத்து முடிக்கும்போது மாமனார் வந்துவிட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நாளைலேர்ந்து வூட்லயே இரும்மா," என்றார் மெதுவாக. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

குடோனைப் பூட்டுமுன் ஒரு பார்வை பார்க்க அவர் உள்ளே போனார், பின்னால் நாங்களும். அங்கே மிச்சம் இருந்தது நான் பிரித்துப் பார்த்த பெட்டி ஒன்றுதான்.

டொக்.

மாமனார் அப்படியே நின்றார். பாயைப் பார்த்தார்.

"அதுல டின்னே இல்லியே," என்றார் பாய். "வெறும் கட்டி."

பெட்டியைத் திறந்தோம். நான் வைத்தபடியே கட்டிகள் வரிசையாக இருந்தன. மூடினோம். டொக். பாய் வாய்க்குள் ஏதோ ஓதினார். மாமனார் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே பூட்டாமல் வெளியே வந்தார்.

தெருமுனைக்கு வந்ததும் மாமனார் சொன்னார்: "நாளைலேர்ந்து நீயும் ஆபீசுக்கு வந்துடும்மா. தனியா இருக்க வேணாம்."

யார் தனியாக இருக்க வேண்டாம் என்று நான் கேட்கவில்லை.

இன்றும் எங்கள் வீட்டில் குக்கர் மூடி ஆடினால், "அந்தக் கற்பூரத்த எட்றி," என்பார் என் கணவர். வீடே சிரிக்கும், மாமனாரும் சிரிப்பார். கட்டிப் பெட்டியைப் பற்றி மட்டும் அவரும் சொல்வதில்லை, நானும் சொல்வதில்லை. கவுண்டர் இப்போது என்னுடையது. போன வாரம்கூட பாயின் மெழுகுக் கட்டிகள் வந்தன.

"மாமா, இது சாதா சரக்குதான. உள்ள வெச்சிடட்டா?"

மாமனார் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"வாடகை சாதாவே போடு. பெட்டி வெளியவே இருக்கட்டும்."